வஸ்ஃபியாவின் மூன்று நிமிடம்

சுடுவதற்கு முன்னால் ஹாரன் அடித்தார்கள். எங்கள் பக்கத்தில் அது ஒரு மரியாதை. பெண்களும் குழந்தைகளும் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் ஒரு வீட்டைச் சுட வேண்டும்.

ஹத்தாம் குலத்தாரின் வண்டிகள் கஸ்வான் வீட்டு வாசலில் வந்து நின்றபோது பகல் சாப்பாட்டு நேரம். சோறும் வெண்டைக்காய்க் குழம்பும் தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தன. கஸ்வானின் மகள் சுந்துஸ், பதினாலு வயதுப் பெண், கையைக்கூடக் கழுவாமல் ஓடி மாடிப்படிக்கு அடியில் சுருண்டாள். அவள் பின்னாலேயே அவளுடைய அத்தை வஸ்ஃபியாவும் நுழைந்து, தன் கறுப்பு அபாயா அங்கியை இழுத்து இரண்டு பேரையும் மூடினாள். துணி எங்கே குண்டைத் தடுக்கும்? ஆனாலும் நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்வோம்.

முன் சுவர் முழுக்கப் பொத்தல் விழுந்தது. கூடத்து ஜன்னல் உதிர்ந்தது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி உடைந்து படிக்கட்டு வழியே தண்ணீர் கொட்டியது. சோற்றுத் தட்டில் கண்ணாடித் தூள். அந்த இரைச்சலுக்கு நடுவே சுந்துஸ் அத்தையின் காதுக்குள் முணுமுணுத்தாள்:

"மாண்புமிகு தலைவர் அவர்களே, குழம்பு ஆறுது."

வஸ்ஃபியா அவள் வாயைப் பொத்தினாள். பொத்திய கை சிரிப்பில் குலுங்கியது.

ஏனென்றால் வஸ்ஃபியா பாக்தாத் நாடாளுமன்றத்தில் உறுப்பினர். வாசலில் தோட்டா பறக்கும்போது அது ஒன்றும் உதவாது என்பது வேறு விஷயம். அவள் அவையில் பேசுவது தொலைக்காட்சியில் வரும். அதைப் பார்த்துவிட்டு சுந்துஸ் அடுப்படியில் கரண்டியை ஒலிவாங்கிபோலப் பிடித்துக்கொண்டு அத்தையைப் போலவே பேசிக் காட்டுவாள். தாயில்லாத பெண். பிறந்த அன்றே தாய் போய்விட்டாள். கணவனைப் போரில் தொலைத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்த வஸ்ஃபியாதான் அவளை வளர்த்தாள். அந்தத் தம்பி கஸ்வானையும் சின்ன வயதில் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான்.

அவர்கள் ஏன் சுட்டார்கள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் ஊரான நஹ்ர் ஸாலிமில் அந்தக் கோடையில் வாய்க்கால் வற்றிப்போயிருந்தது. எங்கள் ரூமீத் குலத்து ஆண்கள் சிலர் மதகைத் திறந்துவைத்துத் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள். ஹத்தாம் குலத்து மிஸ்ஹர் மதகை மூட வந்தான். வாய்ச்சண்டை. யாரோ சுட்டார்கள். தொண்டையில் குண்டு பாய்ந்து மிஸ்ஹர் வாய்க்காலில் விழுந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த அவன் தம்பி அய்யாஷ் சேற்றில் இறங்கி அண்ணனை முடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினான். இழுக்கும்போதே உயிர் போய்விட்டது.

அன்று கஸ்வான் வீட்டுக்கு வந்து முற்றத்துக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். வஸ்ஃபியா பின்னால் போய் நின்றாள்.

"நீயா?"

"அவன் கை ஓங்கினான்க்கா."

"கையில என்ன இருந்துச்சு?"

கஸ்வான் குழாயை மூடினான். "கைதான் இருந்துச்சு."

எங்கள் குலத்துப் பெரியவர் ஹாஜி தாமிர் எல்லோரையும் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். யார் சுட்டது என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான். எங்கள் வழக்கத்தில் அதற்கு ஒரு கணக்கு உண்டு. கொன்றவன் பெயர் தெரிந்தால் அவன் ஒருவன் தலைதான் அதற்குப் பதில். பெயர் தெரியாவிட்டால் குலம் முழுவதும் குற்றவாளி. குலம் தன் பெண் ஒருத்தியைச் செத்தவன் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்துப் பழியைத் தீர்த்துக்கொள்ளும். அப்படிப் போகிற பெண்ணுக்கு மணப்பெண் உடை கிடையாது, பாட்டு கிடையாது. செத்தவனின் தாய் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளோ அதுதான் அவள் பெயர். அப்படிப் போனவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் கிணற்றடிக்கு வரும்போது பேச்சு நின்றுவிடும்.

மதகில் காவல் நின்றவர்களில் ஒருவன் வீடு என்று வண்டி வந்து சுட்டுவிட்டுப் போனது, பேச வா என்பதற்கான அழைப்பு. ஹாஜி தாமிர் பேசப் போனார். கட்டுவதற்கு ஆள் அய்யாஷ். கொடுப்பதற்குப் பெண் சுந்துஸ். கஸ்வான் சரி என்று தலையாட்டினான்.

அன்று வஸ்ஃபியா ஹாஜியின் வீட்டுக்குப் போனாள்.

"ஹாஜி, கைல துப்பாக்கி வச்சிருந்தவன் வீட்ல உக்காந்து சாப்பிடறான். கைல கரண்டி வச்சிருந்தவ போறாளா?"

"மெதுவாப் பேசும்மா, இது பாக்தாத் இல்ல. ஒரு பொண்ணு போனா பத்து ஆம்பளை பிழைப்பான். நீ படிச்சவ, கணக்குத் தெரியாதா?"

"அந்தப் பத்துல ஒருத்தன் போனா போதும் ஹாஜி. அவன் ஸ்டேஷனுக்குப் போகட்டும், கோர்ட்டுக்குப் போகட்டும்."

"உன் தம்பியச் சொல்றியா?" ஹாஜி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இதை இங்க குலத்து மண்டபத்துல சொல்ல முடியாது. பொம்பளைக்கு அங்க இடமில்ல. வெளிய சொன்னா அது அடுப்படிப் பேச்சு. போ, போய் அந்தப் பொண்ணுக்குத் துணி எடுத்து வை. இன்னொண்ணு. பாக்தாத்ல இந்த விஷயமா ஏதோ சட்டம் வருதாமே. அன்னைக்கு நீ உக்காந்த இடத்துல உக்காந்திரு."

பெண்ணைக் கொடுத்துப் பழி தீர்ப்பவர்களுக்குச் சிறை என்கிற சட்டம்தான் அது. அதன் விவாதமும் பெண்ணைக் கொண்டுபோய் விடுகிற நாளும் ஒரே நாளில் வந்து விழுந்தன.

இந்த இடத்தில் ஒரு பழைய விருந்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது உங்களுக்குப் புரியாது. வஸ்ஃபியா முதல் முறை தேர்வானபோது ஊரில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பெண்களுக்கென்று ஒதுக்கிய இடம், யாரையாவது போட வேண்டும், வாத்தியாரம்மாவைப் போட்டார்கள். ஆனால் நீர்வளம் பற்றிய விவாதத்தில் அவள் ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள். எங்கள் வாய்க்கால் தண்ணீரில் போட்ட தேநீர். கண்ணாடிக் குவளையில் ஊற்றி, சர்க்கரையும் போட்டுக் கலக்கி, அமைச்சர் முன்னால் வைத்தாள். "எங்க ஊர்க் குழந்தைங்க குடிக்கறாங்க. நீங்களும் குடிங்க." அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கைக்குட்டையில் துப்பினதை நாடே பார்த்தது. அந்த வருடமே மதகு வந்தது. கண்ணுகளா, அதே மதகுதான்.

அந்தச் சந்தோஷத்தில் ஹாஜி தாமிர் ஆடு அடித்து விருந்து வைத்தார். அடுத்த தேர்தலுக்கு ஹத்தாம் குலத்து ஓட்டும் வேண்டுமே. நாணல் மண்டபத்தில் இரண்டு குலமும் உட்கார்ந்திருக்க, அவர் எழுந்து, தலைத்துணிமேல் கட்டிய கயிற்றைத் தொட்டுச் சத்தியமாகச் சொன்னார்: "வஸ்ஃபியா வாய் ரூமீத் குலத்து வாய். அவ அந்தச் சபையில சொல்றது நாங்க சொல்றது." ஹத்தாம் பெரியவர் ஷேக் பர்ஸான் எழுந்து, "நாங்க சாட்சி" என்றார். எல்லோரும் சாப்பிட்டார்கள். வெறும் ஓட்டுக்காகச் சொன்ன வார்த்தை. ஆனால் சொன்ன இடம் மண்டபம், அங்கே சொன்ன சொல் குலத்தையே கட்டும். அதை வஸ்ஃபியாவைத் தவிர எல்லோரும் மறந்துபோனார்கள்.

பெண்ணைக் கொண்டுபோய் விடுகிற நாள் காலையில் வஸ்ஃபியா பாக்தாதிலிருந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"கஸ்வான், ஸ்டேஷனுக்குப் போய் உள்ள உக்காரு. நான் பேச எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி நீ அங்க இருக்கணும்."

"எதுக்கு, நீ என்ன பேசப் போற?"

"நடந்ததப் பேசப் போறேன்."

கஸ்வான் சிரித்தான். "சொல்ல மாட்டக்கா. என் முதுகு தேச்சு விட்டவ நீ."

"அதனாலதான் முன்னாடியே சொல்றேன். போடா. கெஞ்சிக் கேக்கறேன், போ."

அவன் போகவில்லை. நல்ல தலைத்துணியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனான். தன் அக்கா தன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்பதை ஊருக்குக் காட்டுவதற்குத்தான் போனான்.

மண்டபத்தில் இரண்டு வரிசையாக ஆண்கள். துப்பாக்கிகளை வாசலில் சாய்த்துவைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அங்கே ரத்தம் சிந்தக் கூடாது. பழிகாரனும் அங்கே விருந்தாளிதான். ஹத்தாம் ஆட்கள் முன்னால் காப்பிக் குவளைகள் இருந்தன, யாரும் தொடவில்லை. கேட்டது கைக்கு வந்த பிறகுதான் குடிப்பார்கள். வஸ்ஃபியா அடங்கி உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்க்கட்டும் என்று ஹாஜி தாமிர் தொலைக்காட்சியைப் போடச் சொல்லியிருந்தார்.

வெளியே வெயிலில் ஒரு வெள்ளைக் கார். பின்சீட்டில் சுந்துஸ், கறுப்பு உடையில். ஓட்டிவந்த ஹாஜியின் மகன் ஜாஸிம் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான். நாணல் சுவர் சத்தத்தை நிறுத்தாது. உள்ளே நடப்பதெல்லாம் காருக்குக் கேட்டது.

அவையில் பேச்சு சூடாகத்தான் இருந்தது. வழக்கத்தில் கை வைத்தால் தெற்கே ரத்த ஆறு ஓடும் என்றார் ஒருவர். வஸ்ஃபியா கை தூக்கினாள். அவைத் தலைவர் மூன்று நிமிடம் கொடுத்தார். அவள் எழுந்து நின்றதுமே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"நாட்டுக்குப் பாடம் எடுக்கறது இருக்கட்டும் டீச்சரம்மா. இன்னைக்கு உங்க வீட்டுலேருந்தே ஒரு பொண்ணு போகுதாமே. வாழ்த்துகள்."

சிரிப்பு. மண்டபத்திலும் இரண்டொருவர் சிரித்தார்கள்.

"ஆமா, போகுது" என்றாள் வஸ்ஃபியா. "என் தம்பி பொண்ணு. மண்டபத்து வாசல்ல கார்ல உக்காந்திருக்கா. எங்க ஊர் மதகுல ஒருத்தர் செத்தார். யார் சுட்டதுன்னு தெரியாதுன்னு எங்க பெரியவங்க சொல்றாங்க. தெரியாதுங்கற அந்த ஒரு சொல்லுக்குத்தான் பொண்ணு போறா. எனக்குத் தெரியும். சுட்டது கஸ்வான், என் கூடப் பிறந்தவன். செத்தவர் கையில ஒண்ணுமே இல்ல."

மண்டபத்தில் ஹாஜி தாமிர், "அதை அணைடா" என்றார். ரிமோட்டைத் தேடி யாரோ துழாவினார்கள். ஷேக் பர்ஸான் கையைத் தூக்கினார்.

"இருக்கட்டும் ஹாஜி. முழுசாக் கேட்டுருவோம்."

"இதை நான் வஸ்ஃபியாவாச் சொல்லல" என்றது தொலைக்காட்சி. "ரூமீத் குலத்து வாயாச் சொல்றேன். அந்த வாயைக் கொடுத்தது ஹாஜி தாமிர். சாட்சி ஷேக் பர்ஸான். ரெண்டு பேரும் இப்பக் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க. பேர் சொல்லியாச்சு. இனிமே பொண்ணு கிடையாது. கஸ்வான், நீ எங்க இருந்தாலும் ஸ்டேஷனுக்குப் போ. போயிடுப்பா."

அத்தோடு ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவள் நெற்றியில் பட்டு மூடி தெறித்தது. ஒரு கூட்டம் எழுந்து வெளியே நடந்தது. அவை கலைந்தது. வாக்கெடுப்பும் இல்லை, சட்டமும் இல்லை. நெற்றியில் வழிந்ததைத் துடைக்காமலே அவள் நடைகூடத்துக்கு ஓடி எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள்.

மண்டபத்தில் முதலில் வாய் திறந்தவர் ஹாஜி தாமிர்தான். "பொம்பளை பேச்சு. பாக்தாத் காத்து தலைக்கேறிப் போச்சு. இதையெல்லாம்..."

"அமைச்சருக்கு டீ ஊத்தினப்ப அது என்ன பேச்சு ஹாஜி?" என்றார் ஷேக் பர்ஸான். "உங்க ஆட்டைத் தின்னுட்டு நான் சாட்சி சொன்னேன். இப்ப இல்லைன்னு சொன்னா என் நாக்கு என்ன நாக்கு?" காப்பிக் குவளையைத் தரையில் கவிழ்த்து வைத்தார். "பொண்ணு எங்களுக்கு வேண்டாம். பேர் தெரிஞ்சப்புறம் பொண்ணை வாங்கினா, மிஸ்ஹரை நாங்க வித்த மாதிரி ஆயிடும்."

ஹத்தாம் ஆட்கள் எழுந்தார்கள். அய்யாஷ் வாசலில் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போய், பேரீச்ச மர நிழலில் நின்றான். உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். ஷேக் மட்டும் வாசலருகே தங்கினார்.

கஸ்வான் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மண்டபத்துக்குள் இருக்கிறவரை அவனை யாரும் தொட முடியாது. அன்று முழுக்க அவன் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். போலீஸ் வண்டியும் வந்திருக்கும்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. வெளியே கண்ணாடியில் யாரோ கையால் அடிக்கிறார்கள்.

ஹாஜியின் பேரக்குழந்தைகள் ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிடுவார்கள் என்று, அந்தக் காரின் பின்கதவுகளில் குழந்தைப் பூட்டைப் போட்டுவைத்திருந்தார்கள். உள்ளிருந்து எவ்வளவு இழுத்தாலும் திறக்காது, வெளியிலிருந்து யாராவது திறந்தால்தான் உண்டு. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கம்பித் தடுப்பு. கண்ணாடி ஏற்றிக் கிடந்தது. அத்தை சொன்னது முழுக்க அவளுக்குக் கேட்டிருந்தது. "யாபா" என்று அவள் கத்தினாள். எங்கள் பிள்ளைகள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடும். "யாபா, ஓடுங்க" என்கிறாளா, "யாபா, திறங்க" என்கிறாளா, தெரியவில்லை. கண்ணாடிக்குள் எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்டது.

"ஜாஸிம்" என்றான் கஸ்வான். "வெயில்ல கிடக்கா. போய்த் திற."

ஜாஸிம் வாசலில் தெரிந்த துப்பாக்கிகளைப் பார்த்தான். சாவியை மடிக்குள் தள்ளிக்கொண்டான்.

"ஹாஜி, யாரையாவது அனுப்புங்க."

ஹாஜி தாமிர் காப்பி அடுப்புக் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

கண்ணாடியில் அடி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. பிறகு மெதுவானது. கஸ்வான் எழுந்தான்.

"உக்காருப்பா" என்றார் ஷேக் பர்ஸான். "உன் கால் இந்த வாசலைத் தாண்டினா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"என் பொண்ணு தட்டறா ஷேக்."

அவன் வாசலைத் தாண்டினான். தன் துப்பாக்கியை எடுக்கவில்லை. வெள்ளைக் காரிடம் நடந்துபோய்ப் பின்கதவைத் திறந்தான். சுந்துஸ் அவன்மேல் வந்து விழுந்தாள், முகமெல்லாம் வியர்வை, விரல் முட்டியில் ரத்தம். அவன் அவள் தலைத்துணியைச் சரிசெய்தான்.

"உங்க அத்தை மாதிரியே கத்தறடி. வீட்டுக்குப் போ. திரும்பிப் பாக்காதே."

அய்யாஷ் காத்திருந்தான். அவள் விலகி நடக்கிறவரை காத்திருந்தான், அதையும் சொல்ல வேண்டும். பிறகு சுட்டான். முதல் குண்டு கஸ்வானின் தோளைத் திருப்பியது, இரண்டாவது கழுத்தில் பாய்ந்தது. திறந்திருந்த கதவைப் பிடித்தபடியே சரிந்தான். கதவு அவன் கனத்தில் முனகியது. பின்சீட்டில், மகள் உட்கார்ந்திருந்த இடத்தில், தலை கிடந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினான். சொல்ல வந்தது ரத்தமாக வந்தது.

சுந்துஸ் திரும்பிப் பார்த்தாள்.

போலீஸ் வண்டி வந்தபோது அய்யாஷ் துப்பாக்கியைத் தரையில் போட்டுவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவனும் சின்னப் பையன்தான்.

துக்க வீட்டுக்கு வஸ்ஃபியா வந்து சேர்ந்தாள். நெற்றியில் பிளாஸ்திரி. மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்த பெண்கள் அவளைக் கண்டதும் நிறுத்தினார்கள். ஒருத்தி வழிவிட்டாள், ஒருத்தி முதுகைக் காட்டினாள். ஒரு கிழவி எழுந்துபோய், "வாயா அது, கத்தி" என்று அவள் கன்னத்தை நகத்தால் கீறினாள். வஸ்ஃபியா தடுக்கவில்லை. குண்டு துளைத்த சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். யாரும் அவளுக்குக் காப்பி கொடுக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

சுந்துஸ்தான் குவளையோடு வந்தாள். குனிந்து கொடுத்தாள். குவளையை வாங்கிய பிறகும் அங்கேயே நின்றாள்.

"அத்தே, யாபா பேரச் சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

வஸ்ஃபியா நிமிர்ந்தாள். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"தெரியல. யாரும்தான் கேக்கலியே. ஹாஜியும் கேக்கல, யாபாவும் கேக்கல, நீங்களும் கேக்கல."

அதன் பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், பேச்சில்லாமல். உப்பு வேண்டுமா, கதவைச் சாத்து என்பதோடு சரி. வஸ்ஃபியாவுக்கு மிரட்டல் போன்கள் வந்தன. ராஜினாமா செய்துவிடுவாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். செய்யவில்லை. அவைக்குப் போனாள், உட்கார்ந்தாள், வந்தாள். எந்த விவாதத்திலும் கை தூக்கவில்லை.

குளிர்காலத்தில் அந்தச் சட்டம் மறுபடி அவைக்கு வந்தது. கிளம்புவதற்கு முன்னால் வஸ்ஃபியா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். சுந்துஸ் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மறுபடியும் விவாதம் வருது. நான் எழுந்திருக்கலாமா வேண்டாமான்னு தெரியல. உன்னைப் பத்திச் சொல்லவா? நீ வேண்டாம்னா உக்காந்துக்கறேன்."

சுந்துஸ் அடிபிடித்த பானையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். குழாயை மூடினாள்.

"என் பேரச் சொல்லாதீங்க. யாபா பேரும் வேண்டாம்."

"சரி."

"காரைப் பத்திச் சொல்லுங்க" என்றாள். "கதவு உள்ளேருந்து திறக்கல. அதைச் சொல்லுங்க."

அந்த வீட்டுக் கூடத்தில் நாங்கள் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பார்த்தோம். சுவரில் பொத்தல்களை இன்னும் பூசவில்லை, துணியைத் திணித்திருந்தார்கள், காற்று உள்ளே வந்தது. திரையில் வஸ்ஃபியா கை தூக்கினாள். மூன்று நிமிடம் என்றார் அவைத் தலைவர்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, ஒரு காரைப் பத்திச் சொல்லணும்."

பின்வரிசையில் அதே குரல்: "இது போக்குவரத்துச் சட்டம் இல்லம்மா."

"தெரியும்" என்றாள் அவள். "வெள்ளைக் கார். பின்சீட்டுல ஒரு பொண்ணு."

சொல்லிக்கொண்டே போனாள். வெயில், ஏற்றிவைத்த கண்ணாடி, சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், கரியைக் கிளறிய கை. யார் பெயரையும் சொல்லவில்லை. "உள்ள இத்தனை பேர் உக்காந்திருந்தாங்க. எல்லாருக்கும் அவ தட்டறது கேட்டுச்சு. எழுந்து போனவர் ஒருத்தர்தான். அவர்..." என்றபோது நேரம் முடிந்து ஒலி நின்றது. திரையில் அவள் உதடு மட்டும் அசைந்தது.

சுந்துஸ் எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஈரக் கரண்டி.

"முடியல" என்றாள் திரையைப் பார்த்து. "இன்னும் இருக்கு. பேச விடுங்க."